சின்னக் கார்ச் சவாரியும் மோட்டர் பழக்குதலும்

ஊரிலே வண்டிற் சவாரி பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். நேற்று வாங்கிய நாம்பனை இன்று சவாரித் திடலில் இறக்குவாரில்லை. முதலில் வெறும் நுகத்தைக் கழுத்தில் வைத்து நடக்கப் பழக்குவார்கள். அதன் பின் வெறும் வண்டில், அதன் பின் மெல்லோட்டம். இவ்வளவும் முடிந்த பின்னரே திடல். அவசரப்பட்டவரின் மாடு பாதை விலகி ஓடும், அல்லது நடுத்திடலில் நின்று மானத்தை வாங்கிவிடும். இந்தப் பழைய பாடத்தையே, டென்மார்க்கில் எமது பேரப்பிள்ளைகள் வைத்து விளையாடும் ஒரு சின்னஞ்சிறு மின்மோட்டரும் சொல்லித் தருகிறது என்றால் மிகையாகாது.

கையிலே ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு வானொலி அலை மூலம் ஓட்டும் பந்தயக் கார்களைப் பற்றியே இங்கு சொல்ல வருகிறோம். உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவையே இவற்றுள் மிகுதி. இவற்றை வெறும் விளையாட்டுச் சாமான் என்று எண்ணுவது சரியன்று. இவற்றுக்குக் கழகங்கள் உண்டு, விதிகள் உண்டு, உலகப் போட்டியும் உண்டு. உலக அமைப்பான இஃப்மார் 1979 ஆம் ஆண்டில் உருவாகியது. மின்சாரத்தில் ஓடும் பத்திலொரு பங்கு மண்பாதைக் கார்களுக்கான முதலாவது உலகப் போட்டி 1985 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெற்றது.

இருள் சூழ்ந்த மாரி மாதங்களில் பிள்ளைகளுக்கு இப்படியான கார் ஒன்றைப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் எம்மவரிடையேயும் உண்டு. பல வீடுகளில் அதற்குப் பின் நடப்பதும் ஒன்றே. இரண்டு கிழமை கார் பறக்கும். மூன்றாம் கிழமை வேகம் குறையும். பின்னர் கருகிய மணம் வரும். பிள்ளை அழும், தகப்பன் ஏசுவார், கார் அலுமாரிக்கு மேலே போய்விடும். அநேகமான வேளைகளில் குற்றம் காரிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை. மோட்டரைப் பழக்காமல் ஓட்டியதும், பற்சில்லைப் பொருத்தமில்லாமல் பூட்டியதுமே காரணம். இவ்விரண்டும் தெரிந்திருந்தால் பணமும் மிஞ்சும், பிள்ளையின் ஊக்கமும் மிஞ்சும்.

ஏர்ஸ்ரெட்டின் காந்த ஊசி

மின்மோட்டரின் கதை நாம் வாழும் இந்த நாட்டிலேயே தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிற் சொல்லவேண்டும். லாங்கெலாண்ட் தீவிலுள்ள ருட்கியோபிங் என்னும் சிற்றூரில் 1777 ஆம் ஆண்டு பிறந்தவர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் ஏர்ஸ்ரெட். இவர் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1820 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் விரிவுரை ஒன்றின்போது, மின்னோட்டம் செல்லும் கம்பி ஒன்றின் அருகே இருந்த திசைகாட்டியின் காந்த ஊசி அசைவதைக் கண்டார். மின்சாரமும் காந்தமும் வேறு வேறு என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. அவ்வாண்டு யூலை 21 ஆம் திகதி தமது கண்டுபிடிப்பை இலத்தீன் மொழியில் ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டு ஐரோப்பாவின் அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1821 இல், இலண்டனில் மைக்கேல் பரடே என்பவர் மின்னோட்டம் செல்லும் கம்பியொன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்துக் காட்டினார். இன்றுள்ள மோட்டர்களுக்கெல்லாம் மூதாதை அதுவே.

மோட்டரின் மறுபக்கம் டைனமோ. மோட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும். டைனமோவைச் சுழற்றினால் மின்சாரம் தரும். இதிலும் ஒரு டேனிஷ்காரருக்குப் பங்குண்டு. சோரன் யோர்த் என்பவர் தன் மின்னோட்டத்தாலேயே தன் காந்தத்துக்கு வலுவேற்றிக்கொள்ளும் டைனமோவின் தத்துவத்துக்கு 1850 களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கோப்பன்ஹேகனிலிருந்து றொஸ்கிலெக்கு 1847 இல் ஓடிய முதல் புகையிரதப் பாதைக்காக உழைத்தவர்களில் ஒருவரும் இவரே. இன்று யூலாந்தின் வயல்வெளிகளில் சுழலும் காற்றாலைகளின் தலைக்குள் இருப்பதும் இந்த மறுபக்கமே. பிரண்டெயிலும் பிற ஊர்களிலும் காற்றாலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த எம்மவர்களுக்கு இது புதிதன்று.

டைனமோ என்றதும் எம்மில் பலருக்கு வேறொரு நினைவும் வரும். 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த வருடங்களில், சைக்கிளை நிறுத்திவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ஏர்ஸ்ரெட்டின் பெயரை அறியாதவர்கள்கூட அவருடைய கண்டுபிடிப்பின் பயனை அன்று கையால் சுற்றி அனுபவித்தார்கள். இந்தக் கதையை இங்கு பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால், மோட்டர் என்பது கடையில் வாங்கும் ஒரு பொருள் மாத்திரம் அன்று என்பது அவர்களுக்கு விளங்கும்.

மோட்டருக்குள்ளே

1976 ஆம் ஆண்டில் யப்பானின் தமியா நிறுவனம் றேடியோவில் ஓடும் மின்சாரப் போர்ஷே கார் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பின்னரே இவ்விளையாட்டு வீடுகளுக்குள் பரவியது. அக்கால முதல் இக்கார்களுக்கு வழக்கமானது 540 என்று இலக்கமிடப்பட்ட மோட்டர். வெள்ளித் தகரக் குழாய் போலத் தோன்றும். விட்டம் ஏறக்குறைய 36 மில்லிமீற்றர்.

அதன் உள்ளே இருப்பவை சில உறுப்புகளே. தகர உறையின் உட்புறத்தில் வளைந்த இரண்டு காந்தங்கள். நடுவில் சுழலும் ஆமேச்சர். அதில் மூன்று பற்களில் செப்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். ஆமேச்சரின் ஒரு முனையில் மூன்று துண்டுகளாகப் பிரிந்த செப்பு வளையம். இதுவே கொமியுற்றேற்றர் எனப்படும் திசைமாற்றி. இந்த வளையத்தின் இரு பக்கங்களிலும் ஸ்பிரிங்கினால் அழுத்தப்பட்டபடி உரசிக்கொண்டிருக்கும் இரு சிறு கட்டிகளைத்தான் மோட்டர் திருத்துபவர்கள் ‘காபன்’ என்பார்கள். டேனிஷ்காரரும் ‘குல்’, அதாவது கரி, என்றே சொல்வர். பற்றறியின் மின்சாரம் காபன் வழியாகச் செப்பு வளையத்துக்குப் போய், அங்கிருந்து கம்பிச் சுருளுக்குச் சென்று, அதனை மின்காந்தமாக்குகிறது. சுருள் காந்தத்தின் முன்னால் வந்ததும் வளையத்தின் அடுத்த துண்டு காபனைத் தொடுகிறது, மின்னோட்டத்தின் திசை மாறுகிறது, சுழற்சி தொடர்கிறது. ஊரில் உயர்தர வகுப்பில் பௌதிகவியலைத் தமிழில் படித்தவர்களுக்குப் பிளெமிங்கின் இடக்கை விதி ஞாபகத்துக்கு வரும்.

கம்பி எத்தனை சுற்று என்பதே மோட்டரின் குணத்தைத் தீர்மானிப்பது. சுற்றுக் குறைந்தால் தடை குறையும், மின்னோட்டம் கூடும், வேகம் கூடும், சூடும் கூடும். சுற்றுக் கூடினால் அமைதியான மோட்டர். பற்றறி நெடுநேரம் நிற்கும். பழகுநர் வகுப்புகளில் நெடுங்காலம் 27 சுற்று மோட்டரே வழக்கமாக இருந்தது. பிள்ளை கடையில் நின்று ‘ஆகக் குறைந்த சுற்று மோட்டர் வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்தால், பழகாத கையில் சவாரி மாட்டின் கயிற்றைக் கொடுப்பதா என்று பெற்றோர் ஒருமுறை யோசிக்கவேண்டும்.

ஏன் பழக்கவேண்டும்?

புதிய காபனின் முகம் தட்டையானது. செப்பு வளையமோ உருண்டையானது. தட்டையும் உருண்டையும் தொட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மாத்திரமே தொடும். அந்த ஒரு கோட்டின் வழியாக முழு மின்னோட்டமும் போகும்படி செய்தால் என்ன ஆகும்? தீப்பொறி பறக்கும். செப்பில் கருமையும் குழிகளும் விழும். காபனின் முகம் எரிந்து கண்ணாடி போல இறுகும். ஸ்பிரிங் சூடேறி இழுவையை இழக்கும். அதன் பின்னர் எவ்வளவு நல்ல பற்றறி போட்டாலும் பயனில்லை.

ஆகவே காபனின் முகம் வளையத்தின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து, முழுமுகமும் பொருந்தித் தொடும்வரை மெல்ல ஓட்டவேண்டும். இதுவே பழக்குதல். டேனிஷில் புதுக் காரின் எஞ்சினுக்குச் சொல்வது போலவே இதையும் ‘டில்கோரிங்’ என்பர். புது அம்மியைக் கொத்தி, முதலில் தவிட்டையோ அரிசியையோ அரைத்துக் கழுவிய பின்னரே கறிக்கு அரைப்பார்கள் அல்லவா? அதே நியாயந்தான் இதற்கும்.

பழக்கும் முறை

1. மோட்டரைக் காரிலிருந்து கழற்றுங்கள். அல்லது மோட்டரின் சிறு பற்சில்லு பெரிய பற்சில்லைத் தொடாதவாறு விலக்கிவையுங்கள். சுமை எதுவும் இருத்தலாகாது.

2. மோட்டரின் தண்டு இரு முனைகளிலும் உறையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஒரு துளி போதும். எண்ணெய் செப்பு வளையத்துக்கோ காபனுக்கோ போனால் கரிப்பசையாகிக் கெடுதல் செய்யும்.

3. சாதாரணமான 1.5 வோல்ற் பற்றறிகள் இரண்டைத் தொடராக இணைத்து, அந்த 3 வோல்ற்றில் ஓடவிடுங்கள். காரில் ஓடும் திசையிலேயே சுழலவேண்டும். வேகத்துக்காகக் காபனின் இருப்புக் கோணம் மாற்றப்பட்ட மோட்டர்களுக்கு இது மிக முக்கியம்.

4. ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், சுடக்கூடாது. ஆறவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை போதுமானது.

5. காபனைக் கழற்றக்கூடிய மோட்டரானால் கழற்றிப் பாருங்கள். முகத்தில் முக்கால் பங்குக்கு மேல் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் வேலை முடிந்தது. மூலையில் மாத்திரம் தேய்ந்திருந்தால் காபன் கோணலாக நிற்கிறது என்று பொருள்; அதன் கூட்டை நேராக்கவேண்டும்.

6. மூடிய வெள்ளி மோட்டரில் காபனைப் பார்க்க இயலாது. அங்கு காதுதான் கருவி. தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் ஓசை மெல்ல மெல்லச் சீராகி, சுருதி சற்று உயர்ந்து ஒரே நிலையில் நிற்கும். அம்பியர் மானி இருந்தால், தொடக்கத்தில் தடுமாறும் மின்னோட்டம் குறைந்து நிலைபெறுவதைக் காணலாம். இவ்வகை மோட்டரில் காபனை மாற்ற முடியாதாகையால், பழக்குதல் இதற்கே மிகவும் அவசியம்.

7. இறுதியாக, உள்ளே சேர்ந்த கரித்தூளை ஊதி வெளியேற்றி, மீண்டும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். காரில் பூட்டிய பின்னரும் முதற் பற்றறியைப் பாதி வேகத்திலேயே ஓட்டி முடியுங்கள்.

மோட்டரின் இரு முனைகளிலும் சிறு கொள்ளளவிகள் பற்றாசு வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அழகுக்காக வைத்தவை அல்ல அவை. காபனில் எழும் தீப்பொறி வானொலி அலையைக் குழப்பாமல் தடுப்பவை. அவை கழன்றால் கார் சொற்கேளாது.

தண்ணீரில் ஓட்டுதல்

மோட்டரை ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஓட்டிப் பழக்கும் முறையும் உண்டு. கேட்பவர்கள் பயப்படுவார்கள், ஆனால் 3 அல்லது 4 வோல்ற் பற்றறியில் இது ஆபத்தில்லாதது. தண்ணீர் சூட்டையும் கரித்தூளையும் உடனுக்குடன் எடுத்துச் செல்வதால் காபன் விரைவில் படிந்துவிடும். தண்ணீர் சாம்பல் நிறமாவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு நிமிடமளவில் போதுமானது. மேலும் ஓட்டினால் காபன் வீணாகத் தேயும்.

இதிலே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, பற்றறியைத் தவிர வேறெதையும் பாவிக்கக்கூடாது. சுவர் மின்சாரத்தில் பூட்டிய எந்தக் கருவியும் தண்ணீருக்கு அருகில் வரலாகாது. இரண்டாவது, டென்மார்க்கின் பல இடங்களில், விசேடமாகக் கோப்பன்ஹேகன் பக்கத்தில், குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே இஸ்திரிப்பெட்டிக்கு ஊற்றுவதற்கென விற்கும் தூய நீரைப் பாவிப்பது நல்லது. மூன்றாவது, எடுத்தவுடன் உலர்த்தி, எண்ணெய் இடவேண்டும். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் துருதான் மிஞ்சும். பொறுமையுள்ளவர்களுக்கு உலர்முறையே சிறந்தது.

பதம் பார்த்தல்

பழக்கி முடிந்த மோட்டரைப் பந்தயத்துக்குப் பதப்படுத்துவது அடுத்த படி. இங்கு ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். இறுக்கமான ஸ்பிரிங் காபனைச் செப்போடு நன்றாக அழுத்தும். முடக்கிலிருந்து புறப்படும்போது இழுவை நன்றாக இருக்கும். ஆனால் உராய்வு கூடி உச்சவேகம் குறையும். தளர்ந்த ஸ்பிரிங் உச்சவேகம் தரும். ஆனால் காபன் துள்ளித் தீப்பொறி பறக்கும். முடக்குகள் நிறைந்த சிறு மண்டபப் பாதைக்கு ஒன்று, நேரான நீண்ட பாதைக்கு மற்றொன்று.

அடுத்தது கோணம். சுருளில் மின்னோட்டம் திசை மாறுவதற்கும் சிறிது நேரம் வேண்டும். வேகம் கூடக்கூட அந்த நேரம் போதாமற் போகிறது. எனவே, வேகமாகச் செல்லும் சைக்கிள்காரர் முடக்கு வருமுன்னரே உடலைச் சாய்ப்பது போல, திசைமாற்றம் சற்று முன்கூட்டியே நிகழும்படி காபன் இருக்கும் மூடியைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சிறிது திருப்பிவைப்பர். இதனால் உச்சவேகம் கூடும். மின்னோட்டமும் சூடும் அதனோடு கூடும். ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று திருப்பிக்கொண்டே போனால் மோட்டர் ஒருநாள் புகைவிட்டு விடைபெறும்.

பலநாள் ஓடிய மோட்டரில் செப்பு வளையம் கருத்து, மேடுபள்ளமாகிவிடும். கழற்றக்கூடிய மோட்டரானால் அதற்கென்றே உள்ள சின்னஞ்சிறு கடைச்சல் இயந்திரத்தில் வைத்து, மயிரிழையளவு சீவி மீண்டும் வட்டமாக்கலாம். அதன் பின்னர் புதுக் காபன் போட்டால் பழக்குதலை முதலிலிருந்து தொடங்கவேண்டும். குறுக்குவழி கிடையாது.

பற்சில்லும் சூடும்

மோட்டர் கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் பற்சில்லே. மோட்டரின் தண்டிலுள்ள சிறு பற்சில்லுக்கு ஒரு பல் கூட்டினால் காரின் வேகம் கூடும். மோட்டரின் சுமையும் கூடும். ஒரு கணக்கைப் பாருங்கள். பெரிய சில்லில் 90 பல், சிறிய சில்லில் 30 பல். விகிதம் 3. காருக்குள் உள்ள பட்டியின் விகிதம் 1.9 என்றால் மொத்தம் 5.7. அதாவது மோட்டர் 5.7 தரம் சுற்றினால் ரயர் ஒரு தரம் சுற்றும். ரயரின் விட்டம் 63 மில்லிமீற்றர் எனில் சுற்றளவு ஏறக்குறைய 198 மில்லிமீற்றர். ஆகவே மோட்டரின் ஒரு சுற்றுக்குக் கார் 34.7 மில்லிமீற்றர் நகரும். மோட்டர் நிமிடத்துக்கு 20,000 தரம் சுற்றினால் மணிக்கு ஏறக்குறைய 41.7 கிலோமீற்றர் வேகம். சிறிய சில்லை 32 பல்லாக மாற்றினால் அதே கணக்கின்படி 44.4 கிலோமீற்றர் வரும்.

ஆனால் இது கடதாசிக் கணக்கு. சுமை கூடும்போது மோட்டர் அதே 20,000 சுற்றைச் சுற்றமாட்டாது. ஓரளவுக்கு மேல் பல்லைக் கூட்டினால் கார் மெதுவாவதோடு மோட்டரும் வேகும். எனவே எப்போதும் சிறிய பல்லில் தொடங்கி, ஒவ்வொரு பல்லாகக் கூட்டி, ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் சூட்டை அளந்து பார்க்கவேண்டும். தொடாமலே அளக்கும் வெப்பமானிகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. மோட்டரின் உறை 70 பாகை செல்சியசைத் தாண்டத் தொடங்கினால் ஒரு பல் குறையுங்கள். வெப்பமானி இல்லாவிடில் விரலே கருவி. மூன்று வினாடி விரலை வைத்திருக்க முடியாவிட்டால் சூடு அதிகம். சூடேறிய காந்தம் வலுக்குறையும் என்பதையும், அளவுக்கு மிஞ்சிய சூட்டில் இழந்த வலு திரும்பி வராது என்பதையும் மறவாதீர்கள்.

சிக்கனமே வேகம்

1980 களில் பந்தயக் காருக்கு 7.2 வோல்ற் நிக்கல்-கட்மியம் பற்றறியே பாவிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு வழக்கமாக 1200 மில்லி அம்பியர்-மணி. ஐந்து நிமிடப் பந்தயத்தில் இந்தப் பற்றறி தாக்குப்பிடிக்க வேண்டுமானால் சராசரியாக 14.4 அம்பியருக்கு மேல் மோட்டர் இழுக்கக்கூடாது. முதல் மூன்று நிமிடம் முன்னணியில் பறந்தவர் கடைசி நிமிடத்தில் தள்ளாடி நிற்க, அடக்கமாக ஓடியவர் கடந்து செல்வது அன்று வழக்கமான காட்சி. மோட்டரின் பதம் என்பது வேகத்தைக் கூட்டுவது மாத்திரமன்று. இருக்கும் வலுவை வீணாக்காமல் கடைசிச் சுற்றுவரை கொண்டுபோவதும் ஆகும்.

காபன் முழுமுகத்தோடு தொட்டால் அதே மின்னோட்டத்தில் கூடிய வேலை நடக்கும். தண்டு இலகுவாகச் சுழன்றால் சூடு குறையும். பற்சில்லுகள் இரண்டும் மிக இறுக்கமாகக் கடிக்காமல், ஒரு மெல்லிய கடதாசித் துண்டு நுழையும் இடைவெளியில் நின்றால் இரைச்சலும் இழப்பும் குறையும். இவற்றுள் ஒன்றுக்கும் காசு தேவையில்லை; கவனம்தான் தேவை. பலர் கூடியவிலை மோட்டரை வாங்கிப் பெற முயலும் வேகத்தை, பொறுமையுள்ள பிள்ளை தன்னிடமுள்ள மோட்டரிலிருந்தே பெற்றுவிடும்.

காபன் இல்லாத மோட்டர்

இன்று பந்தயத் திடல்களில் பெரும்பாலும் காணப்படுவது காபனே இல்லாத மோட்டர். இதிலே காந்தம் நடுவில் சுழல்கிறது. கம்பிச் சுருள்கள் வெளியே அசையாது நிற்கின்றன. காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சிறு உணரிகள் அறிவிக்க, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி சுருள்களுக்கு மாறி மாறி மின்சாரம் கொடுக்கிறது. தேய்வதற்குக் காபன் இல்லையாகையால் மேலே சொன்ன பழக்குதல் இதற்குத் தேவையில்லை. தண்ணீரில் அமிழ்த்துவது இதற்குத் தேவையுமில்லை, நல்லதுமில்லை. பெயரிங்குகளுக்குத் துளி எண்ணெயும், சூட்டின்மேல் ஒரு கண்ணும் இருந்தால் போதும்.

ஆனால் பதம் பார்த்தல் இங்கும் உண்டு. உணரிகள் இருக்கும் தட்டைத் திருப்பிக் கோணத்தை மாற்றலாம். சுமையின்றி மோட்டரை ஓட்டி, கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு அம்பியர் மானியைக் கவனித்தால், முதலில் மின்னோட்டம் மெல்ல மெல்ல ஏறும். ஓரிடத்திலிருந்து திடீரெனக் கிடுகிடுவென்று ஏறத் தொடங்கும். அந்த இடத்துக்குச் சற்று முன்னரே நிறுத்திக்கொள்வது புத்தி. இதன் காந்தம் நியோடிமியம் என்னும் வலுமிக்க வகை. எனினும் கடுஞ்சூடு இதற்கும் பகையே.

பல வகுப்புகளில் எல்லோருக்கும் ஒரே சுற்று மோட்டர் என்று விதி உண்டு. சில போட்டிகளில் நடத்துபவர்களே எல்லோருக்கும் ஒரேவகை மோட்டரைக் கையில் கொடுத்து, அதைத் திறக்கக்கூடாது என்பார்கள். பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே நிலம் அமையவேண்டும் என்பதே நோக்கம். யாரும் காணாமல் மோட்டரைத் திறந்து கம்பியில் கை வைத்து வெல்லலாம் என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்தால், அங்குதான் பெற்றோரின் வேலை இருக்கிறது. அப்படி வென்ற கிண்ணம் வீட்டு அலுமாரியில் இருந்து அப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பற்றறி பற்றி ஓர் எச்சரிக்கை

இன்றைய கார்களில் லிதியம்-பொலிமர் பற்றறிகளே அதிகம். வலு கூடியவை, அதேயளவு கவனமும் வேண்டியவை. அதற்கென்று விற்கும் சார்ஜரில் மாத்திரமே ஏற்றவேண்டும். ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ற்றைத் தாண்டலாகாது. 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவும் விடலாகாது. ஊதிப் பெருத்த பற்றறியை மீண்டும் பாவிக்கவே கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, எல்லோரும் நித்திரையான பின்னரோ, வீட்டில் ஆளில்லாதபோதோ சார்ஜ் ஏற்றக்கூடாது. தொடர்மாடிகளில் வாழும் நாம் எமக்காக மாத்திரமன்றி அயலவருக்காகவும் இதைக் கடைப்பிடிக்கவேண்டும். பழுதான பற்றறியைக் குப்பைத் தொட்டியில் போடாது, கொம்யூனின் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

ஒரே மேசையில்

பிள்ளை படிக்கும் நேரத்தில் கார் ஓட்டுவதா என்று சில பெற்றோர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. படிப்பு முதலில் என்பதில் எமக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விகிதமும் சுற்றளவும், அம்பியரும் வோல்ற்றும், காந்தமும் சூடும் ஒரே சின்ன மோட்டரில் அடங்கியிருக்கும்போது, இதையும் படிப்பின் ஒரு பக்கமாகக் கொள்வதில் தவறில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு தனித்திருப்பதைவிட, கழகமொன்றில் பல்வேறு வயதினரோடும் பழகுவது நல்லது. டென்மார்க்கில் கழகம் இல்லாத வாழ்வு இல்லை. 25 வயதுக்குட்பட்டோருக்காகக் கழகங்கள் நடத்தும் நடவடிக்கைகளுக்குக் கொம்யூன் ஆதரவளிக்கவேண்டும் என்று இந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. அவ்வசதியை எமது பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒருசேரப் பயன்படுத்தவேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நாம் இந்நாட்டுக்கு வரத்தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்பப்பாவுக்கும் அம்மப்பாவுக்கும் டேனிஷ் முழுதாக வராது. பேரப்பிள்ளைக்குத் தமிழ் முழுதாக வராது. ஒரே வீட்டில் இருந்தும் ‘சாப்பிட்டியா? படிச்சியா?’ என்பதற்கு மேல் பேச்சு நீள்வதில்லை. ஆனால் அந்த அப்பப்பா ஊரில் தண்ணீர் இறைக்கும் மோட்டரைக் கழற்றிப் பூட்டியவராக இருக்கலாம். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவராக இருக்கலாம். தமிழில் பௌதிகவியல் படித்தவராக இருக்கலாம். கழற்றிய மோட்டர் ஒன்று மேசையில் இருந்தால் இருவருக்கும் பொதுவான மொழி ஒன்று கிடைக்கிறது. பிள்ளை ‘குல்’ என்னும். அப்பப்பா ‘காபன்’ என்பார். இருவரும் ஒரே பொருளைத்தான் காட்டுவார்கள்.

ஏர்ஸ்ரெட் காந்த ஊசியோடு நின்றுவிடவில்லை. தம்முடைய மக்கள் விஞ்ஞானத்தைத் தாய்மொழியிலேயே பேசவேண்டும் என்று விரும்பிப் புதுச்சொற்களையும் ஆக்கினார். ஒட்சிசனுக்கு டேனிஷ்காரர் இன்றும் சொல்லும் ‘இல்ட்’, ஐதரசனுக்குச் சொல்லும் ‘பிரிண்ட்’ என்பன அவர் தந்த சொற்களே. எமது பிள்ளைகளும் காந்தம், சுருள், திசைமாற்றி, பற்சில்லு, உராய்வு என்னும் சொற்களைப் புத்தகத்தில் பாடமாக்காமல் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு கற்றால் அவை மறவா.

வீட்டில் உடனே செய்யக்கூடிய ஒரு பரிசோதனையைச் சொல்லி முடிக்கிறோம். பற்றறி பூட்டாத பழைய காபன் மோட்டர் ஒன்றின் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். பின்னர் அதன் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடுத்துவிட்டு மீண்டும் சுழற்றுங்கள். தண்டு முன்னையதைவிட இறுக்கமாக இருக்கும். சுழலும் மோட்டர் டைனமோவாகி மின்சாரம் உண்டாக்க, அந்த மின்சாரமே திரும்பி வந்து சுழற்சியைத் தடுக்கிறது. சின்னக் காரின் பிறேக் வேலை செய்வது இந்த முறையிலேதான். ஏன் இறுகியது என்று பேரப்பிள்ளையிடம் கேளுங்கள். விடையைத் தமிழில் சொல்லத் தெரியாவிட்டால், சொல்லிக் கொடுக்க வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.